நிரந்தரப் பனி

முனிகிருஷ்ணனின் வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சாத்துக்குடி என்று சொல்ல வேண்டும். திருப்பதி மலையடிவாரத்தில் டோலி தூக்கியவர்கள் எல்லாருக்கும் அப்படி ஒன்று உண்டு. இவனுடையதில் தேங்காயே உடைக்கலாம் என்பார்கள். ஒரு புரட்டாசி சனிக்கிழமை உடைத்தும் காட்டினான், நானே பார்த்தேன். தேங்காய் இரண்டாகப் பிளந்தது என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். விரிசல் விட்டது, அவ்வளவுதான்.

அவன் ஊர் விஜயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். நெல் கொஞ்சம், வேர்க்கடலை மிச்சம். மழை பொய்த்த ஒரு வருஷம் அவன் நைனா போய்ச் சேர்ந்தார். அண்ணன்மார் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, கடைசிப் பிள்ளைக்குக் கிணற்றடிப் புளியமரத்தை விட்டார்கள். புளியமரத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? பதினேழு வயதில் திருப்பதிக்கு வந்து டோலிக் கழியில் தோளைக் கொடுத்தான்.

வந்த நேரம் நல்ல நேரமில்லை. மலைக்குப் பாதை போட்டுப் பஸ் விட்டுவிட்டார்கள். நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, நடக்கவும் முடியாமல், பஸ்ஸில் ஏறினால் பெருமாள் கோபித்துக்கொள்வார் என்று பயந்தவர்கள் மட்டுமே டோலிக்கு வந்தார்கள். அடுத்தவன் காலால் நடந்தால் பெருமாளுக்குத் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. என் அத்தை யதுகிரி அம்மாள் அந்தக் கூட்டத்தில் முதல் வரிசை. கோவிந்தராஜர் சன்னதித் தெருவில் இரண்டு கட்டு வீடு, கைநிறைய மோதிரம், டில்லி செக்ரட்டேரியட்டில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனர், நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். அத்திம்பேர் காலமான பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை மலைக்குப் போவாள். நான்கு பேர் தூக்க வேண்டிய டோலி அவளுக்கு ஆறு பேர் கேட்டது. முன்கழியில் எப்போதும் முனிகிருஷ்ணன்.

அவனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, மாமன் மகள் யசோதா. முறைப்பெண்தான், அவளுக்கும் இவன்மேல் இஷ்டம்தான். குறுக்கே நின்றது அவன் தோள்.

"பொணம் தூக்கறவனும் தோள்ல தான் தூக்கறான், நீயும் தோள்ல தான் தூக்கறே," என்று மாமன் திருவேங்கடம் ஊர் நடுவில் வைத்துச் சொன்னார். "புருசன் இன்னா பண்றான்னு கேட்டா எம்பொண்ணு இன்னான்னு சொல்லிக்கும்? போ. ஒரு பனி பாத்துக்கினு வா. பர்மனெண்டா இருக்கணும். ஆவணி வரைக்கும் பாப்பேன். அப்பால என்னைக் கேக்காதே."

இந்த 'பனி'யைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆந்திர ராஜ்யம் பிரிந்து அது இரண்டாவது வருஷம். எந்தக் கிராமம் எந்தப் பக்கம் போகும் என்று சுவரெல்லாம் தமிழில் பாதி, தெலுங்கில் பாதி சண்டை எழுதியிருந்தது. ஆபீஸ்களில் தெலுங்கு வந்து உட்கார்ந்துவிட்டது. தெலுங்கில் பனி என்றால் வேலை. அதனால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் ஒரு பாகுபாடு வைத்துக்கொண்டார்கள்: வயலில் செய்வது வேலை, சர்க்காரில் கிடைப்பது பனி. மார்கழியில் புல்லின்மேல் விழுகிற பனி என்று ஒன்று இருக்கிறதே என்றால், ஆமாம், அதுவும் இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு யார் போவார்கள்?

என் அத்தை போனாள்.

காரணம் எதிர்வீட்டுப் பத்மினி மாமி. அவள் பத்ரிக்குப் போய்விட்டு வந்து, தீர்த்தச் சொம்பைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். அத்தை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள், கங்கை பிறக்கிற இடத்துக்கே போகிறேன் என்று அறிவித்தாள். கங்கோத்ரிக்கும் மேலே, மலை முழுக்க உறைந்து கிடக்கும் பனியாற்றின் வாயிலிருந்து கங்கை வெளியே வருகிறது என்று என் காலேஜ் பூகோளப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. துணைக்கு நான், தூக்குவதற்கு முனிகிருஷ்ணன். அங்கே மலைக்காரர்கள் முதுகில் கூடை கட்டி ஆளைத் தூக்குவார்கள் என்று கேள்வி. முன்பின் தெரியாதவன் முதுகில் ஏற அத்தைக்கு மனமில்லை.

சனிக்கிழமை டோலியிலிருந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவனிடம் சொன்னாள்.

"முனிகிருஷ்ணா, வடக்கே வரயா எங்களோட? உனக்குப் பனி காட்டறேன்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது.

"பனியா? எனக்காம்மா?"

"உனக்குத்தான். உங்க வம்சத்துல ஒருத்தன் பாத்திருக்க மாட்டான்."

"இல்லம்மா. எங்க நைனா, தாத்தா, எல்லாம் கடலைக்கா புடுங்கனவங்க." குரல் இறங்கியது. "பர்மனெண்டாம்மா?"

"பின்னே? சித்திரை வெயில்ல கூடப் போகாதாம். புஸ்தகத்துல என்னடி போட்டிருக்கு?"

நான் பெருமையாக ஒப்பித்தேன்: "நிரந்தரப் பனி."

"புஸ்தகத்துலயே போட்டுட்டாங்களா!" என்றான். அவனுக்கு அது கெஜட்டாகக் கேட்டிருக்கிறது. "எத்தினி பேருக்கும்மா இருக்கும்?"

"ஊரே வந்தாலும் போறும்டா. கூலி என்ன கேக்கறே, அதைச் சொல்லு."

"கூலியா? கூலி வேணாம்மா. நீங்க பனி காட்டறதே போதும்." சொல்லிவிட்டு அவள் காலில் விழுந்தான்.

அத்தைக்குக் கண் கலங்கியது. "பாத்தயாடி, என்ன பக்தி!" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். கூலியில்லாமல் இமயமலைக்கு ஆள் கிடைத்ததில் பெருமாள் கிருபை கண்ணுக்குத் தெரிந்தது.

ரயிலில் விஜயவாடா வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து வண்டியிலிருந்து தண்ணீர்க் கூஜாவை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"சின்னம்மா, அந்தப் பனிக்கு எத்தினியாவது வரைக்கும் படிச்சிருக்கணும்?"

"படிக்கணுமா? எதுக்கு?"

"நான் மூணாவது தான். கையெழுத்துப் போடுவேன், தெலுங்குலயும் போடுவேன். அத சொன்னா ஒத்துப்பாங்களா? உங்க டில்லி சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னா..."

அரை நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தேன். உள்ளே ஒவ்வொன்றாகப் பொருந்தியது: பர்மனெண்டு, புஸ்தகம், எத்தனை பேருக்கு. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி மூக்குவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"படிப்பெல்லாம் வேண்டாம்ப்பா. குளிர் தாங்கினா போதும்."

"தாங்குவேன் சின்னம்மா!" என்றான்.

அடுத்த ஸ்டேஷனில் சொல்லியிருக்கலாம். இறங்கித் திரும்பியிருப்பான், ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது, வேறு எங்காவது காலைப் பிடித்திருப்பான். அவன் இறங்கினால் அத்தையும் இறங்குவாள், நான் இமயமலையைப் பார்க்க முடியாது. அது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பனியைக் கண்டதும் அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. காலேஜ் விடுதியில் அதைச் சொல்லிச் சிரிக்கலாம். இரண்டாவது காரணம்தான் பெரியது.

டில்லியில் சித்தப்பாவின் காரைப் பார்த்ததும் அவன் நம்பிக்கை இரட்டிப்பாயிற்று. வாசலில் நின்று அதன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தான். யாரும் சொல்லவில்லை.

ரிஷிகேசத்துக்கு மேலே பஸ் போனவரைக்கும் பஸ். அதன்பிறகு நடை. மூங்கில் கூடை ஒன்று வாங்கினோம். ஒரு பக்கம் வெட்டி, உட்கார்ந்தால் கால் வெளியே தொங்கும்படி செய்திருந்தார்கள். உட்காருகிறவள் தூக்குகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். ஆகவே அத்தை பார்த்த இமயமலை முழுவதும் கடந்து வந்த இமயமலை. அவன் பார்த்தது அடுத்து கால் வைக்க வேண்டிய கல். முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கீழே பாகீரதி பச்சையாகச் சுழித்துக்கொண்டு போனாள். எதிர்ச்சரிவில் தேவதாரு மரங்கள் கோபுரம் கோபுரமாக அடுக்கி நின்றன. ஒரு திருப்பத்தில் சட்டென்று மேகம் விலகி, வானத்தில் இருக்க வேண்டிய உயரத்தில் வெள்ளையாக ஒரு மலை நின்றது. கைகூப்பிவிட்டேன். "என்னடி, என்னடி?" என்று அத்தை கூடைக்குள் திரும்பப் பார்த்தாள். கூடை ஆடியது. முனிகிருஷ்ணன் ஒரு காலில் நின்று சமாளித்தான். இன்னொரு கால் இருந்த இடத்தில் பாதை இல்லை.

"ஆட்டாதேடா கடன்காரா! வேர்க்கடலை மூட்டைன்னு நெனச்சயா?"

"இல்லம்மா. அது பேசாது."

இந்தப் பதிலுக்காக அன்று அவனுக்கு ஒரு வேளைச் சோறு குறைந்தது.

தினமும் சத்திரம் சேர்ந்ததும் அத்தை குளிப்பாள். நாள் முழுக்க அவன் முதுகைத் தொட்டுக்கொண்டு வந்ததற்காக, அந்தக் குளிரில், தலையோடு. அந்தத் தண்ணீரை ஆற்றிலிருந்து கொண்டுவந்து சுடவைத்துக் கொடுப்பவனும் அவனே. கூடைக்கயிறு அவன் தோளில் புதிதாக ஒரு கோடு கிழித்தது. காய்ப்பு இருந்த இடத்தை விட்டுவிட்டு, சரியாக அதற்குப் பக்கத்தில். ரத்தம் சட்டையோடு ஒட்டிக் காய்ந்துவிடும். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பனி கெடைக்கற வரைக்கும் தானே சின்னம்மா."

எங்களோடு வந்த மலைக்கார வழிகாட்டிக்கு இந்தி மட்டும் தெரியும். முனிகிருஷ்ணன் அவனிடம் "பனி? பனி?" என்று கேட்பான். இந்தியில் பானி என்றால் தண்ணீர்; வழிகாட்டி ஓடிப்போய் ஆற்றில் ஒரு சொம்பு மொண்டு வந்து கொடுப்பான். மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாம் முறை முனிகிருஷ்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தான்.

"தெரிஞ்சிப் போச்சி சின்னம்மா. எப்ப கேட்டாலும் ஆத்தையே காமிக்கறான் பாரு. இது தண்ணி சம்பந்தமான பனி. மதகு தெறந்து மூடற லஸ்கர் வேலையா இருக்கும். சரிதானே?"

"கிட்டத்தட்ட சரி," என்றேன்.

உத்தரகாசியில் ஒரு தபால் கார்டு வாங்கி வந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "மாமாவுக்கு. பனி கெடைச்சிடும். பர்மனெண்டு. ஆவணில முகூர்த்தம் பாத்து வைங்க. யசோதாவ நல்லா துன்னச் சொல்லுங்க." பொய் எழுதக் கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்ப்பு. ஆகவே 'கிடைத்துவிடும்' என்பதை மட்டும் மாற்றி, 'இன்னும் பத்து நாளில் பனியைப் பார்த்துவிடுவேன். அது நிரந்தரமானது' என்று எழுதினேன். கார்டில் இடம் மீந்தது. கை சும்மா இருக்கவில்லை. 'அது மிகவும் வெள்ளையாக இருக்குமாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். என் சாமர்த்தியத்தை நானே ரசித்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன்.

பைரவர்காட்டி ஏற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஏழுமலையில் முழங்கால் முறிச்சான் என்று செங்குத்தாகப் படிகள் உண்டே, அதை எடுத்து அதன் தலையிலேயே இன்னும் நான்கு முறை அடுக்கி, படிகளை உருவிவிட்டால் அதுதான் பைரவர்காட்டி. முனிகிருஷ்ணன் தவழ்ந்து ஏறினான். அத்தை கூடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு பெருமாள் நாமத்தையும் அவன் பெயரையும் மாறி மாறிச் சொன்னாள். முன்னதற்கு ஸ்தோத்திரம், பின்னதற்கு வசவு.

கங்கோத்ரிக்கு மேலே ஊர் இல்லை. மரம் குறைந்து புதராகி, புதரும் நின்றுபோய், கல்லும் ஆறும் மட்டும் மிஞ்சின. சாதுக்கள் இரண்டு பேர் இருந்த கல் குடிசையில் ஒருநாள் தங்கி, மறுநாள் காலை வெயிலில் போய்ச் சேர்ந்தோம்.

அதை எப்படிச் சொல்வது? பள்ளத்தாக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சுவர். கோபுர உயரம். நான் நினைத்திருந்ததுபோல் வெள்ளையாக இல்லை. சாம்பல் பூசி, கருங்கல் பதித்து, அழுக்காக இருந்தது. அடியில் குகை மட்டும் நீலம். அந்த நீலத்துக்குள்ளிருந்து ஆறு முழு ஆறாகவே சத்தம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. பின்னால், மேலே, வெயில் பட்ட சிகரங்கள். எத்தனையோ கதை கட்டியிருக்கிறேன், அந்த இடத்தைப் பற்றிக் கூட்டிச் சொல்ல இன்றைக்கும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

முனிகிருஷ்ணன் கூடையை இறக்கினான். அத்தையைக் கைத்தாங்கலாக ஒரு கல்லில் உட்கார வைத்தான். அப்புறம் ஆற்றங்கரைக்குப் போய் முகம் கழுவி, தலைமுடியை விரலால் வாரினான். மூட்டையைப் பிரித்தான். உள்ளே திருப்பதியில் வெளுத்து, பெட்டி போட்டு, மடிப்புக் கலையாமல் இத்தனை மலை தாண்டிக் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டை. ரத்தம் ஒட்டிய சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டான். கழுத்துப் பொத்தான்வரை போட்டான்.

"வந்துட்டோமாம்மா?"

"வந்துட்டோம்டா. நன்னாப் பாத்துக்கோ. இதுதான் பனி. சொன்னபடி காட்டிட்டேன்."

அவன் சுவரைப் பார்த்தான். குகையைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடம் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"ஆபீசரு எங்கம்மா இருக்காரு?"

நான் சிரித்துவிட்டேன். விஜயவாடாவிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு, மொத்தமாக வந்தது. அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிப்புக்கு நடுவில் சொன்னேன். அவளும் ஆரம்பித்தாள். வயிறு குலுங்கியது, மோதிரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்ரீநிவாசா! உனக்கு உத்தியோகம் வாங்கித் தரதுக்கு நான் என்ன கலெக்டராடா? இத்தனை தூரம் அதுக்காகவா தூக்கிண்டு வந்தே? போ, ஒரு துண்டு உடைச்சு மேல்துண்டுல முடிஞ்சுக்கோ. மாமனாருக்குக் கொண்டு காட்டு, பர்மனெண்டுன்னு!"

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபம் வரவில்லை. முதல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்து மூட்டையில் வைத்தான். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

அத்தை தீர்த்தம் எடுத்தாள், ஸ்தோத்திரம் சொன்னாள், கற்பூரம் காட்டினாள். "ஆச்சு. தூக்குடா, கிளம்பலாம்."

"இல்லம்மா."

"என்னடா இல்லே?"

"தூக்கறது நம்ம பனி இல்லம்மா."

"கூலி தரேன்டா, எழுந்திரு!"

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழிகாட்டியைத் தூக்கச் சொன்னாள். அவன் அவள் அகலத்தைப் பார்த்துவிட்டு கையை விரித்தான். மிரட்டினாள், அழுதாள். மேலே சுவரிலிருந்து கற்கள் உருண்டு விழ ஆரம்பித்தன. வெயில் ஏற ஏற அப்படித்தான் விழும், நிற்கக் கூடாது என்று வழிகாட்டி அவசரப்படுத்தினான். அத்தை எழுந்து இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் கல் புரண்டு விழுந்தாள். பிறகு முழங்காலாலும் கையாலும் போனாள். மடிசாரை இடுக்கிக்கொண்டு, பாறை பாறையாக. காலிக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு முனிகிருஷ்ணன் அவள் பக்கத்திலேயே, அவள் வேகத்துக்கே நடந்தான். அவன் நிழலில் அவள் தவழ்ந்தாள்.

குடிசைச் சாதுக்கள் தூரத்திலிருந்தே இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அவள் காலில் விழுந்தார்கள். கங்கை பிறக்கும் இடத்திலிருந்து முழங்காலால் திரும்பி வருகிறவளை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் செய்தி எங்களுக்கு முன்பே திருப்பதிக்குப் போய்விட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அத்தை சாகும்வரை அந்தப் பெருமையில் வாழ்ந்தாள். பத்மினி மாமி வாயே திறக்கவில்லை.

குடிசை வாசலில் அவன் கூடையை இறக்கிக் குனிந்தான். "ஏறுங்கம்மா. உட்டுட்டுப் போனா செத்துடுவீங்க. அந்தப் பாவம் வேற எனக்கு எதுக்கு?" திரும்பி வந்த அத்தனை நாளும் அவளிடமும் என்னிடமும் அவன் பேசியது அவ்வளவுதான்.

ஊரில் நடந்ததை, வடமாலபேட்டையிலிருந்து எங்களுக்குக் கீரை கொண்டுவரும் செங்கம்மா சொன்னாள். யசோதாவுக்கு அவள் பெரியம்மா முறை. கார்டு போய்ச் சேர்ந்த அன்று திருவேங்கடம் அதைச் சாமி படத்தில் சொருகி வைத்தாராம். வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துப் படித்துக் காட்டினாராம். "வெள்ளையா இருக்குமாம்டா! யூனிபாரம்! மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை!" முகூர்த்தநாள் குறித்து, பந்தல்கால் நட்டாகிவிட்டது.

மூட்டையோடு அவன் வந்து நின்றபோது ஊரே கூடியிருந்தது. யசோதா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"பனி கெடைச்சிதா மாமா?"

"பாத்தேன்," என்றான்.

"கெடைச்சிதா?"

"பாத்தேன் யசோதா."

பிறகு நடந்ததைச் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் ஒன்று கட்டிக் கொடுத்திருப்பேன். ஊர் சிரித்தது. முனிகிருஷ்ணன் அந்த நிமிஷத்திலிருந்து பனிகிருஷ்ணன் ஆனான். குழந்தைகள் அவனைக் கண்டால் பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டின. திருவேங்கடம் சிரிக்கவில்லை. நட்ட பந்தல்காலைப் பிடுங்கினால் அபசகுனம் என்று, அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில், திருத்தணிப் பக்கம் ஏரி மதகில் லஸ்கராக இருந்த ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுத்தார். முறைப்பையன் மனசறிந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வழக்கம். வெற்றிலைபாக்கு வைத்து ஒரு புது வேட்டி தந்தார்கள். அவன் வாங்கிக்கொண்டான். வெள்ளை வேட்டி. "மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை," என்று பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததாம்.

அதன்பிறகு அவனை நான் ஐந்து வருஷம் பார்க்கவில்லை. எனக்குச் சித்தூரில் கல்யாணமாயிற்று. எல்லைத் தகராறு முடிந்து, திருத்தணி மதராஸோடு சேர்ந்த அந்த ஏப்ரல் மாதம். எங்கள் வீட்டில் விருந்தாளிகள். மாம்பழச் சாறுக்கு ஐஸ் வேண்டும் என்றார் மாமியார். ஆள் யாரும் இல்லை. நானே நடந்து ஐஸ் பாக்டரிக்குப் போனேன்.

உள்ளே இருட்டும் உமி வாசனையும். ஒருவன் தோளில் சாக்கைப் போட்டு, ஆள் நீளத்துக்கு ஒரு ஐஸ் பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இறக்கினான். வலது தோளில் சாத்துக்குடி.

"எத்தினி வேணும்?" என்றான், நிமிர்ந்து பார்க்காமல். பிறகு பார்த்தான். "சின்னம்மாவா. அம்மா சவுக்கியமா?"

"சௌக்கியம். நீ இங்கேயா?"

"ஆமாம்மா. நாலு வருசமாச்சி. பர்மனெண்டு பண்ணிட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. யசோதாவைப் பற்றிக் கேட்டேன்.

"அது அந்தப் பக்கம் போய்டிச்சி. இப்ப வேற ஸ்டேட்டும்மா." அவன் இரும்புக் கொக்கியால் பாளத்தின் மூலையை உடைத்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

"முனிகிருஷ்ணா, அன்னிக்கு நீ தப்பா எடுத்துண்டது அத்தைக்கு நெஜமாத் தெரியாது."

"தெரியும்மா, அவங்களுக்குத் தெரியாது." ஒரு வீச்சு. "உங்களுக்குத் தெரியும்."

"எனக்கா?"

"மாமா அந்தக் கார்ட எங்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாரு, எல்லாரு எதிர்லயும். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். வெள்ளையா இருக்கும்னு போட்டிருந்தது." கொக்கியைக் கீழே வைத்தான். "நான் அத சொல்லலியேம்மா."



அவன் உடைத்த துண்டை எடுத்தான். பெரிய துண்டு. நான் பாத்திரம் கொண்டுவரவில்லை; வழக்கமாக உமி தூவி, சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே சாக்கு அடுக்கியிருந்தது.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். வைத்தான்.

"சாக்கு இல்லயா?"

"இல்லம்மா," என்றான், சாக்கு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "கீழ வெச்சா மண்ணாய்டும். கையிலயே எடுத்துக்கினு போங்க. குளிர் தாங்கினா போதும்."

பாக்டரியிலிருந்து எங்கள் வீடு முக்கால் மைல். சித்திரை வெயில். முதலில் கை எரிந்தது, அப்புறம் வலித்தது, பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது கை இருப்பதே தெரியவில்லை. முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்து புடவை நனைந்தது. எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "கீழ போடும்மா, இன்னாத்துக்கு இப்படி?" என்றாள். நான் போடவில்லை.